விதி ஒன்று: பிறர் பொட்டலம் வாங்காதே

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று விதி பதினான்கு. "வெளிநாட்டில் குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்." எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் அலுவலகக் குழாயில் வாய் வைத்துக் குடித்தேன்.

எந்த வெளிநாடு? எந்தக் குழாய்? எனக்கு எப்படித் தெரியும்?

கொண்டைக்கொக்கு டிராவல்ஸ், கம்பாலா, மூன்றாம் மாடி. வெளிநாடு சுற்றிப் பார்க்கப் போகும் நம் ஆட்களுக்குப் பாதுகாப்புக் குறிப்பேடு எழுதுவது என் வேலை. நான்கு மாதமாக. தற்காலிகம். ஜனவரியில் நிரந்தரம் ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

நேர்காணலில் முதலாளி செமகுலா கேட்டது ஒரே கேள்வி.

"வெளிநாடு போயிருக்கியாம்மா?"

"போயிருக்கேன், செபோ," என்றேன், ஐயா போட்டு மரியாதையாக.

எந்த நாடு, எத்தனை நாள் — கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? புசியா எல்லையில், கென்யாப் பக்கம், பத்து நிமிடம். அத்தை மகளோடு சந்து வழியாகப் போய் ஒரு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பாஸ்போர்ட்கூட அப்போது கிடையாது.

பொய் இல்லை. உண்மையும் — சரி விடு.

அக்டோபர் 9

விதி பதினேழு: "பாஸ்போர்ட்டின் நகலைத் தனியாக வேறு பையில் வைக்கவும்." என் பாஸ்போர்ட்டை நகல் எடுத்துப் பார்த்தேன். படம் உள்ள பக்கம் தவிர மீதியெல்லாம் வெள்ளை. நகலும் வெள்ளை. இயந்திரம் பழுதோ என்று பியூன் தட்டிப் பார்த்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று அலுவலகம் கோமேசி உடுப்புகளால் நிரம்பியது. பதினோரு பெண்கள், பதினோரு ஜோடித் தூக்கிய தோள்கள். உட்கார நாற்காலி போதாமல் செமகுலாவே எழுந்து நின்றார்.

நத்தேத்தே பகுதியின் சாவு உதவிச் சங்கம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம், அண்டா, தட்டு, விறகு எல்லாம் இவர்கள் பொறுப்பு. மாதாமாதம் எல்லோரும் போடுவார்கள். சிக்கல் என்னவென்றால், இரண்டு வருடமாக யாரும் சாகவில்லை.

"ஒருத்தியும் ஒத்துழைக்க மாட்டேங்குறா," என்றாள் தலைவி. "இவ நாசூனா, போன மழைக்கு நிமோனியான்னு படுத்தா. கூடாரத்தைக்கூடத் தூசி தட்டி வச்சோம். எழுந்து உக்காந்து கஞ்சி கேக்குறா."

நாசூனா என்பவள் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்த சின்ன உருவம். "மன்னிச்சுக்கோங்கடி," என்றாள்.

ஆகவே சேர்ந்த பணத்தில் இஸ்தான்புல்.

தலைவியை எல்லோரும் நாலோங்கோ என்கிறார்கள். இரட்டையரைப் பெற்றவள் என்று பொருள். அந்தப் பட்டம் வந்த பிறகு சொந்தப் பெயரை யார் கூப்பிடப்போகிறார்கள்? அவளுக்கே நினைவிருக்குமோ என்னவோ.

செமகுலா என் தோளைத் தட்டினார். "நப்போசா உங்களோட வருவா. குறிப்பேடே இவ எழுதினதுதான். நாடு நாடா சுத்தினவ."

நாடு நாடாக.

அவர்கள் போனதும் குரலைத் தாழ்த்தினார். "பதினோரு பேரும் பத்திரமா திரும்பி வரணும். வந்தா ஜனவரில உன் வேலை உறுதி. ஒண்ணு குறைஞ்சா நீயும் அங்கேயே இருந்துக்கோ."

அக்டோபர் 20

விளக்கக் கூட்டம். இருபத்து மூன்று விதிகளையும் வாசித்தேன். எட்டாவது தாண்டுவதற்குள் ஒரு மணி நேரம்.

விதி நான்கு: பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே. இதற்கு மட்டும் பேராதரவு. ஒருத்தி எழுந்து தன் உடம்பில் ஆறு இடங்களைக் காட்டினாள். எல்லாமே கோமேசிக்குள். "திருடன் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்கே மறந்து போயிரும்."

விதி ஆறு: தெரியாதவர்களிடம் அதிகம் பேசாதே, தங்கும் இடத்தைச் சொல்லாதே.

"அப்ப வணக்கம் எப்படிச் சொல்றது?" என்றாள் நாலோங்கோ. "ராத்திரி எப்படிப் போச்சு, வீட்ல எல்லாரும் எப்படி, வீடு எந்தப் பக்கம், எந்தக் குலம் — இதெல்லாம் கேக்காம ஒரு மனுசனைக் கடந்து போனா அவன்தானே நம்மளத் திருடின்னு நினைப்பான்?"

பதிலைத் தேடிக் குறிப்பேட்டைப் பார்த்தேன். அதில் இல்லை.

விதி ஒன்பது: ஹோட்டல் முகவரி அட்டையை எப்போதும் கையில் வைத்திரு. யாரும் கவனிக்கவில்லை. சமோசா வந்துவிட்டது.

விதி ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னேன். யாருடைய பொட்டலத்தையும் வாங்காதே. அண்ணன் கொடுத்தாலும், போதகர் கொடுத்தாலும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் சுமந்து சிறைக்குப் போனவர்கள் உண்டு. இதைச் சொன்னபோது பதினோரு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 27, திங்கள்

கெட்டேன்.

விசாவுக்காக எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். நாலோங்கோ தன்னுடையதைக் கொடுக்க வந்தவள், அடுக்கிலிருந்து மேலே இருந்ததை எடுத்துப் புரட்டினாள். என்னுடையது. முதலிலிருந்து கடைசி வரை. மறுபடி கடைசியிலிருந்து முதல் வரை.

"புதுசா புள்ள?"

"பழசு தொலைஞ்சு போச்சு."

"அடடா. எந்த நாட்டுல?"

வாய் திறந்தேன். ஒரு நாட்டின் பெயர்கூட வரவில்லை. உலகத்தில் சுமார் இருநூறு நாடுகள். ஒன்றுமே வரவில்லை.

நாலோங்கோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. சந்தையில் நல்ல வாழைத்தாரைக் குறைந்த விலைக்கு அடித்தவளின் முகம்.

"என் ரெட்டைல இளையவன், காட்டோ, இஸ்தான்புல்லதான் இருக்கான். துணிக் கிடங்குல வேலை. ஆறு வருசம் ஆச்சு பாத்து. பெரியவன் வாஸ்வா இங்க வெட்டுக்கிளி வறுவல் தின்னுறப்ப எல்லாம் எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"நாலோங்கோ, அதுக்கு விதி ஒண்ணு —"

"ஒரே ஒரு டப்பா. என் பெட்டில இடம் இல்ல."

"முடியாதுங்க."

"சரி புள்ள. முடியாதுன்னா விட்டுரு." எழுந்து கோமேசியின் கச்சையைச் சரிசெய்தாள். "அப்படியே செமகுலாவைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன். நாடு நாடா சுத்தின கதையெல்லாம் கேட்டு நாளாச்சு."

எத்தனை கிலோ, என்று கேட்டேன்.

நவம்பர் 3

விசா வந்துவிட்டது. பன்னிரண்டு. என் பாஸ்போர்ட்டில் முதல் ஒட்டு. வாசனைகூட வருகிறது. இது பெருமையா, பயமா?

நவம்பர் 12, புதன்

வெட்டுக்கிளிப் பருவம் இந்த வருடம் தாமதம். நேற்றுதான் நத்தேத்தேக்கு வந்து இறங்கின. இன்று மதியம் நாலோங்கோவின் டப்பாவும் வந்து இறங்கியது. பழைய பிஸ்கட் டின். சுற்றிலும் நான்கு அடுக்கு ஒட்டு நாடா.

"திறங்க," என்றேன்.

"நம்பிக்கை இல்லையா?"

"விதி இல்லையா?"

திறந்தாள். இறக்கை, கால் எல்லாம் கிள்ளி, வெங்காயம் போட்டு வறுத்தது. பெரிய தட்டில் கொட்டி ஒவ்வொரு கைப்பிடியாகக் கிளறிப் பார்த்தேன். டப்பாவின் அடியைத் தட்டினேன். மூடியை முகர்ந்தேன். பிறகு ஒன்றைத் தின்று பார்த்தேன். சோதனைக்காக. இன்னும் ஒன்று. சோதனை ஒரு தடவையோடு முடிவதில்லை.

"போதும் போதும், என் புள்ளைக்கு மிச்சம் வை," என்று தட்டைப் பிடுங்கினாள்.

விமானக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். பதில்: சாப்பாட்டுப் பொருள் என்றால் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடவும், உள்ளே விடுவதும் விடாததும் அவர்கள் விருப்பம்.

சொல்லிவிடுவேன். அது மட்டும் நிச்சயம். விதியை மீறுகிறவள் ஒழுங்காக மீற வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய். என்டெப்பே விமான நிலையம்

பதினொன்று. பதினொன்று. பத்து. — நாசூனா பெட்டிகளுக்கு நடுவே தூங்குகிறாள். பதினொன்று.

முதல் முறை விமானம் ஏறுபவள் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாததால், ஏற்கெனவே ஏறினவள் முகம் எப்படி இருக்கும் என்றும் தெரியவில்லை. கொட்டாவி விட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 19, புதன். இஸ்தான்புல், ஹோட்டல்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

குடியேற்ற வரிசை. கண்ணாடிக் கூண்டு, உயரமான மேஜை, உள்ளே இளம் அதிகாரி. முதலில் நாலோங்கோ. பாஸ்போர்ட்டை வைத்தாள். அதிகாரி தலை நிமிர்ந்தார். ஆள் இல்லை.

பாஸ்போர்ட் இருக்கிறது. பெண்மணியைக் காணோம்.

அவள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதாவது, மண்டியிட்டு. நம் ஊரில் மரியாதையான பெண் மரியாதையான ஆணிடம் எப்படிச் சொல்வாளோ அப்படி. மேஜைக்கு அடியிலிருந்து அவள் குரல் மட்டும் எங்கள் லுகாண்டா மொழியில் வருகிறது: ராத்திரி எப்படிப் போச்சு, வீட்டில் எல்லோரும் நலமா.

அதிகாரி எழுந்து எட்டிப் பார்த்தார். தரையில் ஒரு கிழவி. மயக்கம் என்று நினைத்துவிட்டார். மணி அடித்தார். இரண்டு பேர் ஓடிவந்து அவளைச் சக்கர நாற்காலியில் தூக்கி வைத்து, தனி வழியில் தள்ளிக்கொண்டே போனார்கள். அவள் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். ராணி மாதிரி.

இருபத்து மூன்று விதிகள் எழுதினேன். "மண்டியிடாதே" என்று ஒன்று இல்லை. மூச்சு விடாதே என்று யாராவது எழுதுவார்களா?

இரண்டாமவள் உண்மையாகவே வணக்கம்தான் சொன்னாள். மூன்றாமவளும் அப்படித்தான் என்று நம்புகிறேன். நான்காமவள் வரிசையில் நின்றபடியே, "முழங்கால் வலிக்குதுடி, அந்த வண்டி நல்லா மெத்துனு இருக்கும்போல," என்றாள். ஐந்தாமவள் கீழே போனபோது அதிகாரி இரண்டு கைகளையும் தூக்கி, நில்லுங்கள், நில்லுங்கள் என்று அவர் மொழியில் கத்தினார். எங்களுக்குப் பின்னால் பாதிப் பேர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

கடைசியில் நான். பல்கலைக்கழகத்தில் 'மண்டியிடும் உடலும் அதிகாரமும்' என்று நாற்பது பக்கம் எழுதியவள். முதல் வகுப்பு மதிப்பெண்.

முழங்கால் தானாக மடிந்தது.

எனக்கு மட்டும் நாற்காலி வரவில்லை. "எழுந்திரு," என்றார், ஆங்கிலத்தில்.

பிறகு சுங்கம். சொல்லிவிட்டேன். டின்னைத் திறந்த அம்மா உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேர் கூடிப் பேசினார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்: வழக்கு எதுவும் இல்லை, ஆனால் இது உள்ளே போகாது. அந்தத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.

நாலோங்கோ சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள்.

"போடறதா?"

"ஆமாங்க."

"குப்பைலயா?"

அவள் சங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். இருநூறு பேருக்கு வாழை இலையில் பரிமாறிப் பழகிய கைகள். ஓரமாக வட்டமாக உட்கார்ந்தார்கள், தரையில், நடுவில் டின். உள்ளே போகாதென்றால் வயிற்றுக்குள் போகட்டும். வெட்டுக்கிளிக் குலத்துக்காரிகள் இரண்டு பேர் தங்கள் குலச்சின்னத்தைத் தின்னமுடியாமல் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் மென்றார்கள். கறுமுறு சத்தம் மட்டும். சுங்க அம்மா தடுக்கவில்லை. எந்தச் சட்டத்தில் தடுப்பது என்று தேடினாரோ என்னவோ.

நாலோங்கோ ஒன்றுகூடத் தின்னவில்லை.

காலி டின்னை மூடி என் கையில் கொடுத்தாள். "இது உள்ள போகலாமான்னு கேளு."

போகலாம் என்றார்கள்.

நவம்பர் 20

சாயங்காலம் காட்டோ ஹோட்டலுக்கு வந்தான். நெட்டையன். தாயைப் பார்த்ததும் கீழே குனிந்தான், அவள் மேலே எம்பினாள், இருவர் தலையும் முட்டிக்கொண்டன. சிரித்தோம்.

டின்னைக் கொடுத்தாள். "காலிதான். உன் அத்தைங்க தின்னுட்டாங்க."

அவன் மூடியைத் திறந்தான். உள்ளே முகத்தை வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை.

நாசூனாகூட விழித்திருந்தாள்.

நவம்பர் 21, வெள்ளி

செமகுலாவின் அழைப்பு.

"கம்பாலா முழுக்க அந்த வீடியோதான் ஓடுது. ஒவ்வொருத்தியா மேஜைக்குக் கீழ காணாமப் போறா. கடைசில நீயும்! அப்புறம் கூட்டமா உக்காந்து என்ன திங்கிறீங்க?"

"வெட்டுக்கிளி, செபோ."

"யாரு கொண்டுபோனது?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"விதி ஒண்ணு என்ன சொல்லுது, நப்போசா?"

"பிறர் பொட்டலம் —"

"வந்து பேசிக்கலாம். எண்ணிக்கை?"

"பதினொண்ணு, செபோ."

"அதையாவது காப்பாத்து."

நவம்பர் 22, சனி

பத்து.

மறுபடி பத்து. நாசூனா இருக்கிறாள், என் காலடியில் சுருண்டு. அப்படியானால் யார்?

நாலோங்கோவின் படுக்கை மடிப்புக் கலையாமல். பெட்டி இருக்கிறது. டின் இல்லை. காட்டோ போனை எடுக்கவில்லை. நாளைக் காலை விமானம்.

அவள் இருந்துவிட்டாளா? மகனோடு? அதற்காகத்தான் இந்த ஊரையே தேர்ந்தெடுத்தாளா? அய்யோ, எனக்கு ஏன் இது முன்னாடியே தோணல? வேலை போச்சு. சரி, போகட்டும். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா? எந்தத் தெருவுல எந்த வண்டி — மொழி தெரியாது, கண் மங்கல், ரோட்டுல போறவனை எல்லாம் நிறுத்தி வீட்ல எல்லாரும் நலமான்னு கேப்பா. நானே விதி எழுதினேன், அதுல ஒண்ணுகூட அவ —

பகல் 1.40. வந்துவிட்டாள்.

டாக்சியிலிருந்து இறங்கினாள், தனியாக. கையில் ஹோட்டல் அட்டை.

"உன் விதி ஒன்பது வேலை செய்யுது புள்ள. நீட்டினேன், கொண்டுவந்து விட்டுட்டான்."

நான் கத்தினேன். பெரியவளிடம் கத்தக்கூடாத அளவுக்குக் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ராத்திரி காட்டோ வந்து கூட்டிட்டுப் போனான். என் புள்ளைய ஆறு வருசம் வீட்ல வச்சிருக்கா ஒரு அம்மா. அவளுக்கு மண்டிபோட்டு நன்றி சொல்லாம நான் எப்படி விமானம் ஏறுறது?"

"போன் எடுத்தா என்ன?"

"எப்படி எடுக்கிறது? நான் மண்டிபோட்டேனா, அந்தம்மா பதறிப்போய் அவளும் எதிர்ல மண்டிபோட்டா. ரெண்டு பேருக்கும் வயசு எழுபது. ரெண்டு பேராலயும் எழுந்திரிக்க முடியல. காட்டோ ஒவ்வொருத்தியா தூக்கிவிடவே மதியம் ஆயிருச்சு."

அப்புறம் டின்னை நீட்டினாள். கனமாக இருந்தது.

"அத்திப்பழம். வாஸ்வாவுக்கு, தம்பி கொடுத்து விட்டிருக்கான். என் பெட்டில இடம் இல்ல."

நானே திறந்தேன், நானே கிளறினேன், நானே மூடினேன்.

நவம்பர் 23, ஞாயிறு. என்டெப்பே

பதினொன்று.

நவம்பர் 25, செவ்வாய்

செமகுலா பாஸ்போர்ட்டைக் கேட்டார். கொடுத்தேன். புரட்டினார். ஒரே ஒரு பயணத்தின் முத்திரைகள், ஒரே ஒரு விசா.

இனி எதற்கு. "இதுக்கு முன்னாடி புசியா, செபோ. பத்து நிமிசம். பால் வாங்க."

"நீ எங்கயும் போகலைன்னு தெரியும்."

"எப்படி?"

"நாலோங்கோ அன்னைக்கே வந்து சொல்லிட்டா. பாஸ்போர்ட் கொடுக்க வந்தாளே, அன்னைக்கு. படியிறங்குறதுக்கு முன்னாடி இங்க எட்டிப் பாத்துட்டுத்தான் போனா."

அன்றைக்கா? டப்பாவுக்கு என்னைச் சம்மதிக்க வைத்த பிறகா?

"வேற ஆள் அனுப்புறேன்னேன். வேண்டாம்னுட்டா. தெரிஞ்சவன் முன்னால நடந்து போயிட்டே இருப்பான், இவ பயந்துக்கிட்டே எங்களை எண்ணிக்கிட்டு இருப்பா, இவளே வரட்டும்னா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய் சொன்னதுக்கு உன்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கணும். ஆனா காலைலேருந்து நாலு சாவுச் சங்கம் போன் பண்ணிருச்சு. அந்த மண்டிபோட்ட பொண்ணு வருமான்னு கேக்குறாங்க. ஜனவரி ஒண்ணாந்தேதி வந்து கையெழுத்துப் போடு."

ஆக, டப்பாவைச் சும்மா சுமந்தேன். போகும்போது வெட்டுக்கிளி, வரும்போது அத்தி.

நவம்பர் 29, சனி

சண்டை போடுவதற்காகவே நத்தேத்தே போனேன். நாலோங்கோ வாசலில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்லயே சொல்லிட்டீங்களாமே அவர்கிட்ட!"

"சொன்னேன்."

"அப்ப எதுக்கு என்னை மிரட்டினீங்க?"

"மிரட்டாம இருந்தா சுமந்திருப்பியா?"

யோசித்தேன். நியாயமான கேள்வி. உட்கார்ந்து நானும் ஒரு அண்டாவைத் தேய்த்தேன்.

டிசம்பர் 10

குறிப்பேடு, இரண்டாம் பதிப்பு.

விதி ஒன்று: மாற்றம் இல்லை.

விதி இருபத்து நான்கு, புதியது: "அதிகாரியின் மேஜை முன் நின்றபடியே வணக்கம் சொன்னால் போதும். அவர் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்."

எழுதி முடிப்பதற்குள் முகோனோ சங்கத்துக்காரி ஒருத்தி வந்து மேஜைமேல் ஒரு டப்பா வைத்தாள். துபாயில் தங்கச்சியாம். விதி ஒன்றை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். டப்பாவை எடுக்கவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

நத்தேத்தே சங்கத்து நோட்டில் பன்னிரண்டாவது பெயர் என்னுடையது. மாதாமாதம் போட வேண்டும். சாவு விழுந்தால் தட்டுக் கழுவ வேண்டும். அடுத்த வருடம் பனி பார்க்கப் போவதாகத் தீர்மானம். அதுவரை யாரும் சாகக்கூடாது என்று ஒரு கிளைத் தீர்மானம். கைதட்டி நிறைவேற்றினோம்.

கூட்டம் முடியும்போது நாசூனா இருமினாள்.

பதினோரு பேரும் திரும்பி அவளை முறைத்தோம்.